நான்கு பாதை, ஒரே டிஸ்க்: மல்டிபாத் சாதனத்தின் மேல் எல்விஎம் அமைக்கும்போது என்ன நடக்கிறது

ஸ்டோரேஜ் குழு 500 ஜிபியில் ஒரே ஒரு லன் (ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து சர்வருக்குக் காட்டப்படும் டிஸ்க் பங்கு) கொடுத்திருப்பதாகச் சொல்கிறது. சர்வரில் பார்த்தால் 500 ஜிபி டிஸ்க் நான்கு நிற்கிறது. அதில் ஒன்றை எடுத்து எல்விஎம்மில் (டிஸ்க்குகளைத் தொகுத்துப் பிரித்துக் கொடுக்கும் லாஜிகல் வால்யூம் மேனேஜர்) சேர்த்துவிட்டால், அடுத்த கட்டளையிலிருந்து "டூப்ளிகேட் பிவி" (ஒரே டிஸ்க் பலமுறை தெரிகிறது) என்ற எச்சரிக்கை வரிசையாக வர ஆரம்பிக்கிறது. எச்சரிக்கைதானே, ஃபைல்சிஸ்டம் மவுன்ட் ஆகிறது, டேட்டாபேஸ் ஓடுகிறது என்று அப்படியே விட்டுவிடுபவர்கள் உண்டு. ஓடுவது வேறு, பல பாதைகளை ஒரே டிஸ்க்காகச் சேர்த்துத் தரும் மல்டிபாத்தின் மேல் ஓடுவது வேறு. இரண்டு எச்பிஏ (சர்வரை ஸ்டோரேஜுடன் இணைக்கும் அட்டை), இரண்டு ஸ்விட்ச், இரண்டு கன்ட்ரோலர் என்று வாங்கி வைத்திருந்தும், அந்த சர்வர் ஒரே கேபிளை நம்பி மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருக்கலாம். கேபிள் போகும்வரை யாருக்கும் தெரியாது.

இது ஏன் நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த வரிசையில் அமைத்தால் வராது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம். பெரும்பாலும் லினக்ஸை வைத்தே பேசுகிறேன். மற்ற யூனிக்ஸ்களில் இதே சிக்கல் என்ன வடிவில் வருகிறது என்பது கடைசியில்.

1. நான்கு டிஸ்க் எங்கிருந்து வந்தன

லன் என்பது ஸ்டோரேஜ் பெட்டி தன் டிஸ்க்குகளிலிருந்து வெட்டி, ஒரு சர்வருக்கென்று காட்டும் பங்கு. சர்வரிலிருந்து அதை அடையும் ஒவ்வொரு வழியும் ஒரு பாதை. சர்வரில் ஃபைபர் சேனல் போர்ட் இரண்டு, ஒவ்வொன்றும் ஸ்டோரேஜில் இரண்டு கன்ட்ரோலர் போர்ட்டுகளைப் பார்க்கும்படி ஸ்விட்சில் ஜோனிங் (எது எதைப் பார்க்கலாம் என்ற வரையறை) செய்யப்பட்டிருக்கிறது என்றால் மொத்தம் நான்கு பாதைகள்.

கர்னலின் ஸ்கஸி அடுக்குக்கு பாதை என்ற கருத்தே கிடையாது. ஒவ்வொரு வழியிலும் போய்க் கேட்கிறது, ஒவ்வொரு வழியிலும் ஒரு டிஸ்க் பதில் சொல்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைக்கிறது. நான்கு வாசல் உள்ள ஒரே வீட்டை நான்கு வீடாக எண்ணிக்கொண்டு போவது போலத்தான். நம் உதாரணத்தில் அந்தப் பெயர்கள் எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ. இந்தப் பெயர்கள் கண்டுபிடிக்கப்பட்ட வரிசையில் வைக்கப்படுபவை. அடுத்த ரீபூட்டில் மாறலாம்.

நான்கும் ஒன்றே என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு லன்னும் தனக்கென்று மாறாத ஓர் அடையாள எண் வைத்திருக்கிறது. ஸ்கஸி தரத்தில் அது 83 ஆம் பக்கம் எனப்படும் தகவல் பக்கத்திலிருந்து வருகிறது. லினக்ஸில் அதை டபிள்யூடபிள்யூஐடி என்கிறோம். எந்தப் பாதையில் கேட்டாலும் அதே எண்தான் வரும். ஃபைபர் சேனல் லன்களில் பெரும்பாலும் 3600 என்று தொடங்கும் நீண்ட சரம் அது. ஸ்டோரேஜ் குழுவும் நீங்களும் ஒரே லன்னைப் பற்றித்தான் பேசுகிறீர்களா என்று உறுதி செய்ய இந்த எண்ணைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம். அளவை வைத்து அடையாளம் காண்பது இருப்பதிலேயே மோசமான பழக்கம். ஒரே அளவில் பத்து லன் கொடுப்பது சகஜம்.

2. மல்டிபாத் செய்யும் வேலை

டிவைஸ் மேப்பர் என்பது கர்னலில் உள்ள ஒரு பொது வசதி. ஒரு கற்பனை டிஸ்க்கை உருவாக்கி, அதற்கு வரும் படிப்பையும் எழுத்தையும் கீழே உள்ள உண்மை டிஸ்க்குகளுக்கு எப்படி அனுப்புவது என்று ஓர் அட்டவணையில் வைத்துக்கொள்ளும். மல்டிபாத் இதன் மேல் கட்டப்பட்டது. எல்விஎம்மின் இரண்டாம் பதிப்பும் இதன் மேல்தான் கட்டப்பட்டது. அதாவது மோதிக்கொள்ளும் இரண்டும் ஒரே அடித்தளத்தைப் பயன்படுத்துபவை. ஒன்றின் மேல் ஒன்றை அடுக்கலாம், அடுக்கத்தான் வேண்டும். அடுக்கும் வரிசைதான் விஷயம்.

மல்டிபாத்டி என்ற சேவை, ஒரே டபிள்யூடபிள்யூஐடி உள்ள பாதைகளைத் திரட்டி ஒரு சாதனமாக்குகிறது. அது /டெவ்/மேப்பர் அடைவில் எம்பாத்-ஏ போன்ற பெயரில் தெரியும். பிறகு ஒவ்வொரு பாதையையும் குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்துக்கொண்டே இருக்கும். இயல்பான இடைவெளி 5 வினாடி. பாதை செத்தால் ஒதுக்கும், உயிர் வந்தால் திரும்பச் சேர்க்கும்.

எல்லாப் பாதையும் சமம் இல்லை. இரண்டு கன்ட்ரோலர் உள்ள பல ஸ்டோரேஜ்களில் ஒரு லன்னுக்கு ஒரு கன்ட்ரோலர்தான் சொந்தக்காரர். மற்றதன் வழியாகவும் போகலாம், ஆனால் சுற்றுவழி. எது நேர்வழி, எது சுற்றுவழி என்று ஸ்டோரேஜே சொல்லும் முறைக்கு ஏஎல்யூஏ என்று பெயர். மல்டிபாத் -எல்எல் என்று கேட்டால் வரும் பட்டியலில் பாதைகள் இரண்டு குழுவாகப் பிரிந்திருப்பதும், ஒரு குழுவின் முன்னுரிமை 50, இன்னொன்றின் முன்னுரிமை 10 என்று இருப்பதும் இதனால்தான். பாதி பாதைகள் "எனேபிள்டு" என்று சும்மா நிற்கின்றனவே, வீணாகிறதே என்று பதறி, எல்லாவற்றையும் ஒரே குழுவில் போடும் மல்டிபஸ் முறைக்கு மாற்றிவிடுபவர்கள் இருக்கிறார்கள். இந்த வகை ஸ்டோரேஜில் அது வேகத்தைக் கெடுக்கும். பாதி கோரிக்கைகள் சுற்றுவழியில் போக ஆரம்பிக்கும்.

3. எல்விஎம் டிஸ்க்கை எப்படி அடையாளம் காண்கிறது

எல்விஎம்மில் மூன்று அடுக்கு. டிஸ்க் ஒன்றை எல்விஎம்முக்கு என்று முத்திரை குத்தினால் அது பிசிக்கல் வால்யூம், சுருக்கமாக பிவி. பல பிவிகளைச் சேர்த்த தொகுப்பு வால்யூம் குரூப், அதாவது விஜி. அதிலிருந்து வெட்டி எடுத்து ஃபைல்சிஸ்டம் போடுவது லாஜிகல் வால்யூம், எல்வி. லினக்ஸுக்கு எல்விஎம்மை 1998 இல் முதலில் எழுதியவர் ஹைன்ஸ் மாவல்ஸ்ஹாகன். எச்பி-யூஎக்ஸில் இருந்த எல்விஎம்மின் மாதிரியில் அமைத்தார். அதனால்தான் இரண்டிலும் கட்டளைப் பெயர்கள் இவ்வளவு ஒத்துப்போகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது முத்திரை. பிவிகிரியேட் கட்டளை டிஸ்க்கின் தொடக்கத்தில், முதல் நான்கு செக்டார்களுக்குள், ஒரு லேபிளை எழுதுகிறது. வழக்கமாக அது இரண்டாவது செக்டாரில் உட்காரும். அதில் அந்த பிவிக்கு மட்டுமே உரிய யூயூஐடி என்ற அடையாள எண் இருக்கும். எல்விஎம் டிஸ்க்கின் பெயரை நம்புவதில்லை. தனக்குத் தெரியும் ஒவ்வொரு பிளாக் சாதனத்தையும் திறந்து, லேபிள் இருக்கிறதா என்று படித்து, யூயூஐடியை வைத்து விஜியைக் கட்டுகிறது. எஸ்டிபி என்பது நாளை எஸ்டிஎஃப் ஆனாலும் விஜி உடையாமல் இருப்பது இந்த வடிவமைப்பின் நன்மை.

சரி, அதே நன்மைதான் இங்கே வம்பாகிறது.

4. இரண்டும் மோதும் இடம்

எம்பாத்-ஏவில் எழுதிய லேபிளை எஸ்டிபி வழியாகப் படித்தாலும் அதே லேபிள்தான் வரும். எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ வழியாகவும் அதேதான். ஆக எல்விஎம்முக்கு ஒரே யூயூஐடியுடன் ஐந்து சாதனங்கள் தெரிகின்றன. டூப்ளிகேட் பிவி எச்சரிக்கையின் முழுக்கதை இவ்வளவுதான். ஐந்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எதைத் தேர்ந்தெடுத்தது, ஏன் என்பதை எச்சரிக்கை வரியின் கடைசியிலேயே எழுதுகிறது. ஏற்கெனவே எல்வி அதைப் பயன்படுத்துகிறது, அல்லது அது முதலில் கண்ணில் பட்டது என்பது போன்ற காரணம் அங்கே இருக்கும். "முதலில் கண்ணில் பட்டது" என்று காரணம் காட்டியிருந்தால் தேர்வு தற்செயலாக நடந்திருக்கிறது.

இதைத் தவிர்க்க எல்விஎம்மிலேயே ஒரு வசதி உண்டு. எல்விஎம் டாட் கான்ஃப் கோப்பில் மல்டிபாத் காம்போனன்ட் டிடெக்‌ஷன் என்ற அமைப்பு இயல்பாகவே ஒன்று என்று இருக்கும். ஒரு டிஸ்க்கின் மேல் மல்டிபாத் சாதனம் உட்கார்ந்திருக்கிறதா என்று சிஸ்எஃப்எஸ் (கர்னல் தன் சாதன விவரங்களைக் காட்டும் அடைவு) வழியாகப் பார்த்து, இருந்தால் அந்த டிஸ்க்கை விட்டுவிடும். பிறகு ஏன் சிக்கல் வருகிறது? மல்டிபாத் சாதனம் ஏற்கெனவே உருவாகியிருந்தால்தான் இந்தச் சோதனைக்குப் பிடிபடும். மல்டிபாத்டி எழுந்து கட்டுவதற்கு முன் எல்விஎம் வந்து பார்த்தால் அங்கே சாதாரண எஸ்டிபி மட்டுமே இருக்கிறது. புதிய எல்விஎம் பதிப்புகள் மல்டிபாத்தின் டபிள்யூடபிள்யூஐடி பட்டியலையும் எட்டிப் பார்க்கின்றன. அந்தப் பட்டியல் பூட் நேரத்தில் கைக்கு எட்டினால்தான் அதனாலும் பயன்.

முந்திக்கொண்ட எல்விஎம் எஸ்டிபியின் மேல் எல்வியை இயக்கிவிட்டால் கதவு மூடிவிடுகிறது. பிறகு எழும் மல்டிபாத்டி நான்கு பாதைகளையும் சேர்க்க முயலும்போது எஸ்டிபி "பிஸி" என்று பதில் வரும், கட்டமைப்பு தோற்கும். லாகில் டிவைஸ் மேப்பரின் பிழை வரி ஒன்று விழும். அதை யாரும் படிப்பதில்லை. சேவை ஓடுகிறது என்று நிலை காட்டும், மவுன்ட் சரியாக இருக்கும், கண்காணிப்புத் திரை பச்சையாக இருக்கும்.

இன்னொன்று. டூப்ளிகேட் இருக்கும்போது புதிய எல்விஎம் அந்த விஜியில் மாற்றம் செய்ய விடாது. அலவ் சேஞ்சஸ் வித் டூப்ளிகேட் பிவிஸ் என்ற அமைப்பை ஒன்று என்று மாற்றினால் விட்டுவிடும். இணையத்தில் இதைத் தீர்வாகச் சொல்லும் பதில்கள் இருக்கின்றன. தீர்வு இல்லை அது. பூட்டு எதற்காகப் போட்டிருக்கிறதோ அந்த ஆபத்தை அப்படியே வைத்துவிட்டு பூட்டை மட்டும் கழற்றும் வேலை.

5. எதன் மேல் ஓடுகிறது: ஒரு வரியில் பார்ப்பது

பிவிஎஸ் கட்டளை எந்தப் பெயரைக் காட்டுகிறது என்பது முதல் குறிப்பு. ஆனால் அது எல்விஎம் இப்போது எதை நம்புகிறது என்பதைத்தான் சொல்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் எல்வி கர்னலில் உண்மையில் எதனுடன் இணைந்திருக்கிறது என்று பார்க்க டிஎம்செட்அப் டேபிள் கட்டளையே சரி. 400 ஜிபி எல்வி ஒன்றுக்கு அது இப்படி ஒரு வரி தரும்:

0 838860800 லீனியர் 253:3 2048

இடமிருந்து வலமாகப் படித்தால்: பூஜ்ஜியமாவது செக்டாரில் தொடங்கி 838860800 செக்டார்கள். செக்டார் ஒன்று 512 பைட், அதாவது சரியாக 400 ஜிபி. லீனியர் என்றால் நேராக அனுப்பு. 253:3 என்பது கீழே உள்ள சாதனத்தின் மேஜர், மைனர் எண்கள் (எந்த வகை டிரைவர், அதில் எந்தச் சாதனம்). 2048 என்பது அந்தச் சாதனத்தில் டேட்டா தொடங்கும் இடம், தொடக்கத்திலிருந்து 1 எம்பி தள்ளி. லேபிளும் மெட்டாடேட்டாவும் அந்த முதல் 1 எம்பிக்குள்தான் இருக்கின்றன.

பார்க்க வேண்டியது 253:3 என்ற ஒன்றை மட்டும். பெரும்பாலான லினக்ஸ்களில் டிவைஸ் மேப்பரின் மேஜர் எண் 253. மல்டிபாத் -எல்எல் பட்டியலில் எம்பாத்-ஏவுக்கு எதிரே டிஎம்-3 என்று இருந்தால் எல்லாம் சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதே இடத்தில் 8:16 என்று இருந்தால் அது எஸ்டிபி. 8:32 எஸ்டிசி, 8:48 எஸ்டிடி, 8:64 எஸ்டிஇ. எட்டில் தொடங்கும் எண்ணைப் பார்த்தால் அந்த எல்வி ஒற்றைப் பாதையில் ஓடுகிறது என்று உடனே சொல்லிவிடலாம். எஸ்டிபியின் கேபிள் போன நொடியில் ஃபைல்சிஸ்டம் பிழை அடித்து நிற்கும், மற்ற மூன்று பாதைகள் நன்றாக இருந்தாலும்.

எல்எஸ்பிஎல்கே மரவரைபடமும் இதையே காட்டும். எஸ்டிபிக்குக் கீழே எம்பாத்-ஏ, அதற்குக் கீழே எல்வி என்று வர வேண்டும். எஸ்டிபிக்கு நேர்க்கீழே எல்வி வந்தால் கோளாறு.

சரிசெய்வது டேட்டா விஜியாக இருந்தால் எளிது, ஆனால் வேலையை நிறுத்த வேண்டும். பயன்பாட்டை நிறுத்தி, அன்மவுன்ட் செய்து, விஜிசேஞ்ச் -ஏ என் கொடுத்து விஜியை அணைத்து, மல்டிபாத்டியை மறுபடி படிக்கச் சொல்லி, எம்பாத் சாதனம் நான்கு பாதையுடன் வந்ததா என்று பார்த்து, விஜியை இயக்கி, டேபிளை மறுபடி படிக்க வேண்டும். டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது, ஏனென்றால் லேபிள் ஏற்கெனவே லன்னில்தான் இருக்கிறது. ரூட் விஜியாக (இயங்குதளமே இருக்கும் விஜி) இருந்தால் ரீபூட் தவிர வழியில்லை. 7 ஆம் பகுதியில் சொல்வதை முதலில் செய்துவிட்டு ரீபூட் செய்ய வேண்டும்.

6. எல்விஎம்முக்கு எதைக் காட்டுவது

தற்செயலை நம்பாமல் எல்விஎம்மிடம் நேரடியாகச் சொல்லிவிடுவது நல்லது. இரண்டு வழி இருக்கிறது.

பழைய வழி ஃபில்டர். எல்விஎம் டாட் கான்ஃபில் ஏற்க வேண்டியவை, ஒதுக்க வேண்டியவை என்று பெயர் வடிவங்களை வரிசையாக எழுதுவது. வழக்கமான வடிவம்: மேப்பர் அடைவில் எம்பாத் என்று தொடங்குவதை ஏற்றுக்கொள், மீதி எல்லாவற்றையும் ஒதுக்கு. இதில் வழுக்கும் இடங்கள் பல.

அ) எந்த வடிவத்துக்கும் பொருந்தாத சாதனம் ஏற்கப்படும். "மீதியை ஒதுக்கு" என்ற கடைசிப் பகுதியை விட்டுவிட்டால் ஃபில்டர் எழுதியதே வீண்.

ஆ) "மீதி எல்லாம்" என்பதில் சர்வரின் உள் டிஸ்க்கும் அடங்கும். ரூட் விஜி அங்கே இருந்து அதை ஏற்கும் வரி எழுத மறந்தால், அடுத்த பூட் எமர்ஜென்சி ஷெல்லில் போய் நிற்கும். உள் டிஸ்க்கை எஸ்டிஏ என்று எழுதுவதும் பாதுகாப்பில்லை. லன்கள் முதலில் தெரிந்துவிட்டால் உள் டிஸ்க்கின் பெயர் வேறாகிவிடும்.

இ) ஒரு சாதனத்துக்குப் பல பெயர்கள் உண்டு. அவற்றில் ஏதாவது ஒன்று ஒதுக்கும் வடிவத்துக்கு முன் ஏற்கும் வடிவத்துக்குப் பொருந்தினால் போதும், சாதனம் உள்ளே வந்துவிடும். பை-ஐடி அடைவில் உள்ள பெயர்களைத் தாராளமாக ஏற்றால், ஒதுக்க நினைத்த பாதைகளும் அந்தப் பெயர்கள் வழியாக நுழையலாம்.

ஈ) ஆர்எச்இஎல் (ரெட் ஹாட்டின் லினக்ஸ்) 7 காலத்தில் எல்விஎம்மெட்டாடி என்ற சேவை சாதனங்களைத் தானே திரட்டி வைத்தது. அது சாதாரண ஃபில்டரைப் பார்க்காது, குளோபல் ஃபில்டரைத்தான் பார்க்கும். "ஃபில்டர் எழுதியும் எச்சரிக்கை போகவில்லை" என்ற அந்தக் காலப் புலம்பலுக்கு இதுதான் காரணம். 8 ஆம் பதிப்பில் அந்தச் சேவையே எடுக்கப்பட்டுவிட்டது.

புதிய வழி டிவைசஸ் ஃபைல். எந்தெந்தச் சாதனங்களை எல்விஎம் தொடலாம் என்ற பட்டியல் /எட்சி/எல்விஎம்/டிவைசஸ் அடைவில் ஒரு கோப்பாக இருக்கும். பட்டியலில் இல்லாததை எல்விஎம் கண்டுகொள்ளாது. ஆர்எச்இஎல் 9 இல் இதுவே இயல்பு நிலை. பட்டியலில் சேர்ப்பதும் நீக்குவதும் எல்விஎம்டிவைசஸ் கட்டளை. ஏற்கெனவே உள்ள விஜிகளை மொத்தமாகச் சேர்க்க விஜிஇம்போர்ட்டிவைசஸ். பதிவு பெயரை வைத்து இருக்காது. மல்டிபாத் சாதனம் என்றால் எம்பாத் யூயூஐடி என்ற வகையில், டபிள்யூடபிள்யூஐடியுடன் இருக்கும். அதனால் எம்பாத்-ஏ நாளை எம்பாத்-சி ஆனாலும் கவலையில்லை.

என் கணிப்பில், புதிய சர்வரில் ஃபில்டரைத் தொடவே வேண்டாம். டிவைசஸ் ஃபைலே தெளிவானது. ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருக்க வேண்டும்: இந்தக் கோப்பு பயன்பாட்டில் இருந்தால் ஃபில்டர் வரிகள் புறக்கணிக்கப்படும். பழைய சர்வரிலிருந்து கான்ஃபிக் கோப்பை அப்படியே நகலெடுத்துவிட்டு, ஃபில்டர் ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவதில் பாதி நாள் போகும்.

7. பூட் நேரம்

ஓடும் சர்வரில் எல்லாம் சரியாக இருந்து, ரீபூட்டுக்குப் பிறகு எட்டில் தொடங்கும் எண் வந்தால் சந்தேகப்பட வேண்டியது இனிட்ராம்எஃப்எஸ். கர்னலுடன் முதலில் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு அது. ரூட் ஃபைல்சிஸ்டம் கிடைக்கும் வரை அதில் உள்ள கருவிகளும் கான்ஃபிக் கோப்புகளும்தான் ஆட்சி செய்யும். நீங்கள் /எட்சியில் இன்று மாற்றியது அதற்குத் தெரியாது. அது உருவாக்கப்பட்ட நாளில் இருந்த நகல்தான் அதனிடம் இருக்கும்.

உள்ளே இருக்க வேண்டியவை: மல்டிபாத் மாட்யூலும் சேவையும், மல்டிபாத் டாட் கான்ஃப், டபிள்யூடபிள்யூஐடிஸ் கோப்பு, பைன்டிங்ஸ் கோப்பு, எல்விஎம்மின் கான்ஃபிக்கும் டிவைசஸ் ஃபைலும். இதில் டபிள்யூடபிள்யூஐடிஸ் கோப்பு முக்கியம். ஃபைண்ட் மல்டிபாத்ஸ் அமைப்பு எஸ் (ஆம்) என்று இருந்தால், ஒரே டபிள்யூடபிள்யூஐடியில் இரண்டு பாதை தெரியும்போதோ, அந்த எண் இந்தக் கோப்பில் ஏற்கெனவே பதிவாகியிருந்தாலோதான் மல்டிபாத் உரிமை கொண்டாடும். பதிவு இருந்தால் முதல் பாதை தெரிந்த உடனேயே, புதிய சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் அதை மல்டிபாத்துக்குச் சொந்தம் என்று குறித்துவிடும், எல்விஎம் கை வைக்காது. பதிவு இல்லாவிட்டால் இரண்டாவது பாதை வரும் வரை ஒரு சிறு இடைவெளி. எல்விஎம் முந்திக்கொள்ள அது போதும்.

பைன்டிங்ஸ் கோப்பில் இருப்பது எந்த டபிள்யூடபிள்யூஐடிக்கு எந்த எம்பாத் பெயர் என்ற பட்டியல். இனிட்ராம்எஃப்எஸ்ஸில் பழைய நகல் இருந்தால் பெயர்கள் இடம் மாறும். எல்விஎம்முக்கு அது பொருட்டில்லை, யூயூஐடியை வைத்துக் கண்டுபிடித்துவிடும். ஆபத்து மனிதர்களுக்குத்தான். நேற்று எம்பாத்-டி காலியான லன்னாக இருந்தது, இன்று அதே பெயரில் டேட்டாபேஸ் இருக்கிறது, நேற்றைய குறிப்பைப் பார்த்து ஒருவர் பிவிகிரியேட் அடிக்கிறார். பல சர்வர் சேர்ந்த கிளஸ்டரில் ஒரே லன்னுக்கு ஒவ்வொன்றிலும் வேறு பெயர் வருவதும் இதனால்தான். மல்டிபாத் டாட் கான்ஃபில் டபிள்யூடபிள்யூஐடிக்கு நேரே நீங்களே ஏலியாஸ் (நிலையான பெயர்) எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஆகவே மல்டிபாத் அல்லது எல்விஎம் கான்ஃபிக்கைத் தொட்டால், ஆர்எச்இஎல் வகையில் டிராகட் -எஃப், டெபியன் வகையில் அப்டேட் இனிட்ராம்எஃப்எஸ் -யூ. ரூட் டிஸ்க்கே சானில் (ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில்) இருக்கும் டெபியனில் மல்டிபாத் டூல்ஸ் பூட் என்ற தனித் தொகுப்பையும் நிறுவியிருக்க வேண்டும்.

8. புதிய லன் சேர்க்கும் வரிசை

1) ஸ்டோரேஜ் குழுவிடமிருந்து டபிள்யூடபிள்யூஐடியை எழுத்தில் வாங்குங்கள்.

2) ஸ்கஸி ஸ்கேன் செய்யுங்கள். ரீஸ்கேன் ஸ்கஸி பஸ் ஸ்கிரிப்ட் இருந்தால் அது, இல்லாவிட்டால் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு ஸ்கஸி ஹோஸ்டின் ஸ்கேன் கோப்பிலும் மூன்று கோடுகளை எழுதுவது.

3) மல்டிபாத் -எல்எல் பார்த்து, அந்த எண்ணில் சாதனம் வந்ததா, பாதை எண்ணிக்கை எதிர்பார்த்ததா என்று எண்ணுங்கள். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருந்தால் இங்கேயே நின்றுவிடுங்கள். ஜோனிங் அல்லது கேபிள் பிரச்சினையை எல்விஎம் போட்ட பிறகு தேடுவது வீண் சிரமம்.

4) ஏலியாஸ் எழுதி, மல்டிபாத்டியை மறுபடி படிக்கச் சொல்லுங்கள்.

5) பிவிகிரியேட் எப்போதும் /டெவ்/மேப்பர் பெயரில். டிஎம்-3 போன்ற பெயரும் வேண்டாம், அது ரீபூட்டுக்கு ரீபூட் மாறும். பார்ட்டிஷன் போடாமல் முழு லன்னையும் பிவி ஆக்குவது பிறகு பெரிதாக்கும்போது ஒரு படியைக் குறைக்கும்.

6) விஜி, எல்வி, ஃபைல்சிஸ்டம். பிறகு டிவைசஸ் ஃபைலில் பதிவு வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பியுங்கள்.

7) டிஎம்செட்அப் டேபிள் பாருங்கள்.

8) உண்மையான சுமை வருவதற்கு முன், எழுதிக்கொண்டிருக்கும்போதே ஒரு ஸ்விட்ச் போர்ட்டை அணைத்துப் பாருங்கள். சில வினாடி தேக்கம் வரலாம். பிழை வரக்கூடாது. போர்ட்டைத் திரும்ப இயக்கியதும் பாதை தானாகத் திரும்ப வர வேண்டும். பலர் போன பாதையை மட்டும் சோதிக்கிறார்கள், திரும்பி வந்ததைச் சோதிப்பதில்லை.

9. எல்லாப் பாதையும் போனால்

ஒரு பாதை போவது சாதாரணம். நான்கும் ஒன்றாகப் போனால் என்ன செய்வது என்பதை நோ பாத் ரீட்ரை அமைப்பு தீர்மானிக்கிறது. ஃபெயில் என்றால் உடனே பிழை. க்யூ என்றால் பாதை வரும் வரை எல்லாக் கோரிக்கையையும் வரிசையில் நிறுத்தி வைக்கும், எத்தனை மணி நேரமானாலும். எண் கொடுத்தால் அத்தனை சோதனை சுற்று வரை நிறுத்திவிட்டுப் பிழை. 12 என்று கொடுத்து, 5 வினாடி இடைவெளி இருந்தால் சுமார் 1 நிமிடம்.

க்யூ நல்லதாகத் தெரியும். கன்ட்ரோலர் மறுதொடக்கம் போன்ற சிறு தடங்கலை பயன்பாடு உணராமல் கடந்துவிடும். ஆனால் பாதை திரும்பவே வராவிட்டால், காத்திருக்கும் புராசஸ்கள் டி நிலையில் (டிஸ்க் பதில் வரும் வரை எழுப்ப முடியாத தூக்கம்) சிக்கிக்கொள்ளும். கில் -9 கூட எடுபடாது. எல்விஎம் இங்கே நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது: பிவிஎஸ், விஜிஎஸ் போன்ற கட்டளைகள் தங்களுக்குத் தெரிந்த எல்லாச் சாதனத்தையும் திறந்து படிப்பதால், செத்துப்போன ஒரே ஒரு எம்பாத்தில் மாட்டி மொத்தக் கட்டளையும் உறைந்துவிடும். சம்பந்தமே இல்லாத விஜியைப் பார்க்கக்கூட முடியாது. அந்த நேரத்தில் டிஎம்செட்அப் மெசேஜ் மூலம் அந்தச் சாதனத்துக்கு ஃபெயில் இஃப் நோ பாத் என்று அனுப்பினால் வரிசை கலைந்து, காத்திருந்தவை பிழையுடன் வெளியே வரும்.

கிளஸ்டரில் க்யூ வைப்பது சரியில்லை. ஸ்டோரேஜை இழந்த சர்வர் சீக்கிரம் தோற்றால்தான் மற்றது வேலையை எடுத்துக்கொள்ள முடியும். தனி சர்வருக்கு எண் கொடுப்பதே நடுவழி.

10. பெரிதாக்குவது, கழற்றுவது, குளோன்

லன்னை ஸ்டோரேஜில் 500 இலிருந்து 700 ஜிபி ஆக்கினால் கீழிருந்து மேலாக ஒவ்வோர் அடுக்குக்கும் சொல்ல வேண்டும். முதலில் நான்கு பாதைகளையும் தனித்தனியே ரீஸ்கேன், பிறகு மல்டிபாத்டி ரீசைஸ் மேப், பிறகு பிவிரீசைஸ், கடைசியில் எல்விஎக்ஸ்டெண்ட் -ஆர். மூன்று பாதையை மட்டும் ரீஸ்கேன் செய்துவிட்டு மேலே போவது கூடாது. நான்கும் ஒரே அளவைச் சொல்ல வேண்டும்.

கழற்றுவது மேலிருந்து கீழாக. அன்மவுன்ட், எல்வியை அணைப்பது, விஜியிலிருந்து பிவியை விலக்குவது, பிவிரிமூவ், டிவைசஸ் ஃபைலிலிருந்து நீக்கம், மல்டிபாத் -எஃப், ஒவ்வொரு பாதையையும் சிஸ்எஃப்எஸ் வழியாக டிலீட், அப்புறம்தான் ஸ்டோரேஜ் குழுவுக்கு "எடுத்துக்கொள்ளலாம்" என்று தகவல். ஸ்டோரேஜில் முதலில் எடுத்துவிட்டால் 9 ஆம் பகுதியில் சொன்ன உறைநிலை அப்படியே வரும்.

எல்லா டூப்ளிகேட்டும் பாதையால் வருவதில்லை. ஸ்டோரேஜில் எடுத்த ஸ்னாப்ஷாட்டையோ குளோனையோ அதே சர்வருக்குக் காட்டினால், லேபிளும் நகலாகியிருப்பதால் பிவி யூயூஐடியும் விஜி பெயரும் அதேதான். பிரித்தறிவது சுலபம். டபிள்யூடபிள்யூஐடி ஒன்றாக இருந்தால் அவை பாதைகள். டபிள்யூடபிள்யூஐடி வேறு, பிவி யூயூஐடி மட்டும் ஒன்று என்றால் அது குளோன். குளோனுக்கு ஃபில்டர் மருந்தில்லை. விஜிஇம்போர்ட்குளோன் கட்டளையால் அதற்குப் புது யூயூஐடியும் புது விஜி பெயரும் கொடுக்க வேண்டும். இதைக் கவனிக்காமல் தவறான பிரதியை மவுன்ட் செய்து எழுத ஆரம்பித்தால் எது அசல் என்றே பிறகு குழம்பிப்போகும்.

11. மற்ற யூனிக்ஸ்களில்

எச்பி-யூஎக்ஸின் பழைய பதிப்புகளில் எல்விஎம்மே பாதைகளைக் கையாண்டது. பிவி லிங்க் என்று பெயர். ஒரே டிஸ்க்கின் இரண்டாவது பெயரை விஜிஎக்ஸ்டெண்ட் மூலம் சேர்த்தால் அதை மாற்றுப்பாதை என்று புரிந்துகொள்ளும். முதல் பாதை போனால்தான் அடுத்தது, சுமைப் பகிர்வு கிடையாது. 2007 இல் வந்த 11ஐ வி3 பதிப்பில் மல்டிபாத் கர்னலுக்குள் போய், டிஸ்க்குக்கு நிலையான ஒற்றைப் பெயர் வந்தது. பழைய பெயர்களும் கூடவே இருப்பதால், விஜி எந்த வகைப் பெயர்களில் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வேலை செய்ய வேண்டும்.

ஏஐஎக்ஸில் எம்பிஐஓ (அதன் சொந்த மல்டிபாத்) இருந்தால் ஒரு லன்னுக்கு ஒரே எச்டிஸ்க். பாதைகளை எல்எஸ்பாத் கட்டளையில்தான் காண முடியும், வால்யூம் மேனேஜரின் கண்ணில் அவை படுவதே இல்லை. சோலாரிஸில் எஸ்டிஎம்எஸ்பூட் -இ கொடுத்து, அதன் மல்டிபாத்தான எம்பிஎக்ஸ்ஐஓவை இயக்கினால் டிஸ்க்குகளின் பெயர்களே மாறும், விஎஃப்எஸ்டேப் கோப்பை அந்தக் கட்டளை திருத்தித் தரும். வெரிட்டாஸ் வால்யூம் மேனேஜர் தனக்குள்ளேயே டிஎம்பி என்ற மல்டிபாத் அடுக்கை வைத்திருக்கிறது. அதை லினக்ஸில் போட்டால், லினக்ஸின் சொந்த மல்டிபாத்தும் அதே லன்களைப் பிடிக்காமல் பிளாக்லிஸ்ட் செய்ய வேண்டும். இரண்டு மல்டிபாத் ஒரே லன்னுக்குப் போட்டியிடுவது எல்விஎம் மோதலைவிட மோசம்.

லினக்ஸிலேயே என்விஎம்இ (ஃபிளாஷ் ஸ்டோரேஜுக்கான இணைப்பு முறை) இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. அதன் சொந்த மல்டிபாத் கர்னல் டிரைவருக்குள்ளேயே இருக்கிறது. என்விஎம்இ0என்1 என்ற ஒரே பெயர் வெளியே தெரியும், தனிப் பாதைகள் பிளாக் சாதனங்களாக வெளிப்படுவதில்லை. எல்விஎம் தவறான வாசலில் நுழைய வழியே இல்லாததால் மேலே சொன்ன ஃபில்டர் வேலைகள் தேவைப்படாது. ஆர்எச்இஎல் 9 இல் இதுவே இயல்பு. கர்னல் அளவுருவில் என்விஎம்இ கோரின் மல்டிபாத்தை அணைத்துவிட்டு டிவைஸ் மேப்பர் மல்டிபாத்துக்குக் கொடுத்தால் மட்டும் எல்லாப் பாதைகளும் வெளியே வரும். அப்போது 6, 7 ஆம் பகுதிகளில் சொன்னவை அங்கேயும் பொருந்தும்.